முயல்வதா, பெறுவதா: ஒரு ஸ்பானிய வினைச்சொல் பற்றிய வாசகர் கேள்விகள்

பொத்துவில் வாசகர் ஒருவரின் கேள்வியைச் சென்ற இதழில் வெளியிட்டு, பதில் இவ்விதழில் வரும் என்று குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்த மேலும் மூவர் அதே சொல்லைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 'புரோக்குரார்' என்ற ஸ்பானிய வினைச்சொல்லை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்பதே எல்லாருடைய கேள்வியும் என்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (பொத்துவில்): அறுகம்குடாவில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். அலைச்சறுக்குப் பருவத்தில் ஸ்பெயின் நாட்டவர்களும் வருவதால் இரண்டு வருடமாக ஸ்பானிய மொழியை நானாகவே படித்து வருகிறேன். என் தம்பிக்கு ஒரு சறுக்குப் பலகை தேவைப்பட்டது. அதை அறிந்த விருந்தினர் ஒருவர் 'புரோக்குராரே கொன்செகிர்தே ஊனா தாப்லா' என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அகராதியைப் பார்த்தால் 'புரோக்குரார்' என்பதற்கு முயல்தல் என்றும் இருக்கிறது, பெறுதல் என்றும் இருக்கிறது. 'கொன்செகிர்' என்பதற்கும் பெறுதல் என்றே இருக்கிறது. நான் 'ஐ வில் புரொக்கியூர் டு ஒப்டெயின் யூ அ போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஆங்கிலம் கற்பிக்கும் என் நண்பர் இது ஆங்கிலமே இல்லை என்கிறார். எங்கே தவறு?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. அந்தத் துண்டை 'ஐ வில் ட்ரை டு கெட் யூ அ போர்ட்' என்று எழுதினால் போதும். எழுதியவரின் அக்கறையும் தெரிய வேண்டுமானால் 'ஐ வில் டூ மை பெஸ்ட் டு கெட் யூ அ போர்ட்' என்று எழுதலாம். அந்த வாக்கியத்தில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முயல்வதை 'புரோக்குரார்' ஏற்றுக்கொண்டது, பெறுவதை 'கொன்செகிர்' ஏற்றுக்கொண்டது. நீங்கள் இரண்டையும் பெறுதல் என்று கொண்டதனால்தான் ஆங்கில வாக்கியம் குழம்பியது.

இதே வாக்கியத்தை ஒரு தரம் நம் வாயால் சொல்லிப் பாருங்கள்: "உங்களுக்கு ஒரு பலகை எடுத்துத் தரப் பார்க்கிறேன்." எடுத்துத் தருதல் 'கொன்செகிர்', உங்களுக்கு என்பது அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'தே', பார்க்கிறேன் என்பது 'புரோக்குராரே'. ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன் தமிழில் நின்று பார்த்தால் இந்தச் சொல் பாதி விளங்கிவிடும் என்பது என் அனுபவம்.

அகராதி ஏன் இரண்டு பொருளையும் தருகிறது என்பதற்குக் காரணம் இலத்தீனில் இருக்கிறது. 'குரா' என்றால் இலத்தீனில் கவனிப்பு, அக்கறை, பொறுப்பு. 'ப்ரோ' என்றால் ஒருவர் பொருட்டு. ஆகவே 'ப்ரோகுராரே' என்ற மூலவினை, ஒருவர் பொருட்டு ஒரு காரியத்தைப் பொறுப்பேற்றுக் கவனிப்பதைக் குறித்தது. உரோமப் பேரரசனின் சொத்துகளையும் சில சிறிய மாகாணங்களையும் அவன் பெயரால் நிருவகித்த அதிகாரிக்கு 'ப்ரோகுராதோர்' என்று பெயர். ஒரு காரியத்தைப் பொறுப்பேற்றவர் முதலில் அதற்காக அலைவார், பிறகு அதை முடித்துக் கையில் கொண்டுவந்து தருவார். அலைவதும் கொண்டுவருவதும் ஒரே பாதையின் இரு முனைகள். ஸ்பானிய மொழி இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாகப் போன 'புரொக்கியூர்' காலப்போக்கில் கடைசி முனையை மாத்திரம் வைத்துக்கொண்டது. ஆங்கிலச் சொல்லைக் கொண்டு ஸ்பானியச் சொல்லை அளக்கும்போது முதல் முனை காணாமற் போவது இதனால்தான்.

தமிழரான நமக்கு இது புதுமையாக இருக்க வேண்டியதில்லை. 'தேடு' என்ற நம் சொல்லும் அப்படிப்பட்டதே. "சாவியைத் தேடினேன்" என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை. "அவர் தேடிய சொத்து" என்றால் சொத்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்னும் போது தேடுதல் சம்பாதித்தலாகவே நிற்கிறது. வடக்கின் தேசவழமைச் சட்டத்தில், திருமண காலத்தில் ஈட்டிய சொத்துக்குத் 'தேடியதேட்டம்' என்று பெயர். இச்சொல் ஆங்கிலத் தீர்ப்புகளிலும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே எழுதப்பட்டு வருகிறது. முயல்வதையும் பெறுவதையும் ஒரே வினையில் வைத்திருக்கும் மொழியை வீட்டில் பேசுகிறவருக்கு 'புரோக்குரார்' அந்நியமான சொல் அல்ல. இரண்டையும் வெவ்வேறு சொற்களாக வெட்டி வைத்திருக்கும் ஆங்கிலத்தில்தான் ஒவ்வொரு முறையும் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தத் தெரிவை எதை வைத்துச் செய்வது? வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். இன்னொரு வினை வந்தால் அது முயற்சி. 'கே' என்ற இணைப்புச்சொல்லும் அதைத் தொடர்ந்து ஒரு முழு வாக்கியமும் வந்தால் அதுவும் முயற்சிதான், ஆனால் சற்று அழுத்தமானது. பொருளைக் குறிக்கும் பெயர்ச்சொல் வந்து, வினையோடு 'சே' என்பதும் சேர்ந்திருந்தால் அது பெறுதல். 'சே புரோக்குரோ உன் எம்ப்ளேயோ' என்றால் அவர் தமக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டார் என்று பொருள். அந்தச் 'சே' செய்யும் வேலையை நம் மொழியில் 'கொள்' செய்கிறது. தேடினார் என்பதற்கும் தேடிக்கொண்டார் என்பதற்கும் உள்ள தூரமே அது. ஆங்கிலத்தில் இதற்கு 'காட் ஹிம்செல்ஃப் அ ஜொப்' என்பது இயல்பானது, 'ஒப்டெயிண்ட்' சற்று விறைப்பானது. பெயர்ச்சொல்லோடு இன்னொருவருக்கு என்ற குறிப்பும் வந்தால் வழங்குதல் என்று கொள்ள வேண்டும். தகப்பன் மகனுக்கு நல்ல கல்வியைப் 'புரோக்குரோ' என்று ஒரு ஸ்பானிய வாக்கியம் சொன்னால், ஆங்கிலத்தில் 'புரொவைடட்' அல்லது வெறுமனே 'கேவ்' என்று எழுதுங்கள்.

முயற்சிப் பொருளில் வரும்போதுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. 'ட்ரை' என்ற ஆங்கிலச் சொல் பல இடங்களில் இதற்குப் போதாது. 'புரோக்குரா யெகார் ஆ லாஸ் சின்கோ' என்று ஒரு விருந்தினர் உங்கள் முச்சக்கரவண்டிச் சாரதியிடம் சொன்னால், ஐந்து மணிக்கு வந்து சேரப் பார் என்று பொருள். முடிந்தால் வா, முடியாவிட்டால் பரவாயில்லை என்ற தளர்வு அதில் இல்லை. 'மேக் ஷுவர் யூ ஆர் ஹியர் பை ஃபைவ்' என்பதே அதற்கு நெருக்கமானது. 'புரோக்குரா கே லோஸ் நீஞோஸ் நோ சால்கன்' என்றால் பிள்ளைகள் வெளியே போகாமல் பார்த்துக்கொள் என்று பொருள். 'சீ தட் த சில்ட்ரன் டோன்ட் கோ அவுட்' என்று எழுதலாம். நாம் 'வரப் பார்' என்று சொல்லும் பார்வையும் 'போகாமல் பார்த்துக்கொள்' என்று சொல்லும் பார்வையும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தின் 'சீ தட்' என்பதிலும் அந்தப் பார்வை இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'சீ' பொறுப்பை மாத்திரம் குறிக்கும், முயற்சியைக் குறிக்காது. தமிழில் 'பார்' இரண்டையும் சுமக்கிறது.

எதிர்மறை வினைகளோடு இந்த அக்கறைப் பொருள் இன்னும் தெளிவாகத் தெரியும். 'புரோக்குரே நோ ஆசேர் ருயீதோ' என்பதை 'ஐ ட்ரைட் நொட் டு மேக் அ நொய்ஸ்' என்று எழுதினால் பிழை இல்லை. ஆயினும் தூங்கும் குழந்தையைக் கடந்து போகிறவரின் கால்விரல் நடையை 'ஐ வொஸ் கெயார்ஃபுல் நொட் டு மேக் அ நொய்ஸ்' என்பதே காட்டும். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று நாமும் சொல்வோம், சத்தம் போடாமலிருக்க முயன்றேன் என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கேட்பவரை நோக்கிச் சொல்லும்போது கண்டிப்பாக இருக்கும் இந்த வினை, பேசுபவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது வாக்குறுதியாகிவிடுவதில்லை. இதை நான் கற்றது ஒருவரின் நட்டத்தினால். பல வருடங்களுக்கு முன், வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து மீன் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஸ்பெயினிலிருந்து வந்த கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் 'புரோக்குராரேமோஸ் பகார் ஆன்தெஸ் தெல் வியெர்னெஸ்' என்றிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன் பணம் செலுத்த எங்களால் ஆனதைச் செய்வோம் என்பதே அதன் பொருள். நான் 'வி வில் செக்யூர் பேமென்ட் பிஃபோர் ஃபிரைடே' என்று எழுதிவிட்டேன். அதை நம்பி அவர் வெள்ளிக்கிழமை மாலை படகுக்காரர்களுக்குக் கூலி தருவதாகச் சொல்லிவைத்திருந்தார். பணம் அடுத்த கிழமைதான் வந்தது. அவர் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, ஐஸ் பெட்டிகளோடு புழங்கி வெடித்திருந்த பெருவிரலை அந்தச் சொல்லின் மேல் ஊன்றிக்கொண்டு, "இதில தருவம் எண்டுதானே கிடக்கு, சேர்?" என்று கேட்டார். கடிதம் எழுதியவர்கள் தருவோம் என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து வணிகக் கடிதங்களில் தன்மை இடத்தில் இந்த வினை வந்தால் 'எண்டெவர் டு' என்றே எழுதுகிறேன். பழைய வாடை கொண்ட சொல்தான், ஆனால் முயற்சியின் கனத்தையும் வாக்குறுதியின்மையையும் அது ஒருங்கே வைத்திருக்கிறது.

நான் தவறாக எழுதிய 'செக்யூர்' என்ற சொல்லுக்குள்ளும் அதே 'குரா' இருக்கிறது. கவலை அற்ற நிலை என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. 'ஷுவர்' என்பதும் அதே சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம். வேர் ஒன்றாக இருப்பது மொழிபெயர்ப்பாளரை மயக்கும்.

உங்கள் விருந்தினர் எழுதிய துண்டுக்குத் திரும்பி வருகிறேன். அவர் பலகை தருவதாகச் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நாம் ஒருவரைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் "பார்ப்பம்" என்பதும் அதில் இல்லை. உங்கள் தம்பிக்காக அவர் நாலு இடத்தில் விசாரிப்பார் என்று எதிர்பார்க்கலாம்.

கேள்வி (கல்முனை): 'இன்தென்தார்', 'த்ராதார் தே', 'புரோக்குரார்' மூன்றுக்கும் என் பாடப்புத்தகம் 'ட்ரை' என்றே போட்டிருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா?

பதில்: ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ட்ரை' என்று முடியும் என்றாலும் மூன்றும் ஒன்றல்ல. 'இன்தென்தார்' ஒரு காரியத்தில் கை வைப்பதைச் சொல்கிறது. பூட்டிய கதவைத் திறக்க ஒரு தரம் தள்ளினால் அது 'இன்தென்தார்', 'அட்டெம்ட்' என்று எழுதினாலும் பொருந்தும். 'த்ராதார் தே' அன்றாடப் பேச்சில் தாராளமாக வருவது. 'புரோக்குரார்' சற்று எழுத்துநடைக்குரியது, ஒரு தள்ளலைக் காட்டிலும் தொடர்ந்த கவனத்தைச் சொல்வது. பூட்டிய கதவை ஒரு தரம் தள்ளியதற்கு இதைப் போட மாட்டார்கள். நாள்தோறும் நேரத்துக்கு எழும்புவதற்கும், செலவைக் குறைப்பதற்கும், ஒருவர் மனம் நோகாமல் பேசுவதற்கும் போடுவார்கள்.

நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ப்ரொபார் ஆ'. தமிழில் 'செய்யப் பார்' என்பதற்கும் 'செய்து பார்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். செய்யப் பார் என்றால் காரியம் முடிய வேண்டும் என்பது நோக்கம். செய்து பார் என்றால் செய்தபின் என்ன விளைகிறது என்று காண்பது நோக்கம். ஆங்கிலத்தில் 'ட்ரை டு டூ', 'ட்ரை டூயிங்' என்று இதைப் பிரிப்பார்கள். 'புரோக்குரார்' எப்போதும் செய்யப் பார்ப்பது, 'ப்ரொபார் ஆ' செய்து பார்ப்பது. கறிக்கு இன்னும் கொஞ்சம் புளி விட்டுப் பார் என்ற இடத்தில் 'புரோக்குரா' என்று எழுதினால் ஸ்பானியருக்கு வேறு மாதிரிப்படும்.

'கொன்செகிர்' இவற்றின் மறுகரை. முயன்றது கைகூடியதை அது சொல்கிறது. பின்னால் வினை வந்தால் 'மேனேஜ் டு', பொருள் வந்தால் 'கெட்'. எதிர்மறையில் மாத்திரம் கவனம் தேவை. 'நோ கொன்சீகோ தொர்மீர்' என்பதை நான் உறங்குவதில் வெற்றி பெறவில்லை என்ற தோரணையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பயிற்சித் தாளைப் பார்த்திருக்கிறேன். 'ஐ கான்ட் கெட் டு ஸ்லீப்' என்றால் முடிந்தது. நமக்கு அது "நித்திரை வருகுதில்லை."

கேள்வி (அம்பாறை): அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தராக இருக்கிறேன். 'புரொக்கியூர்மென்ட்' என்பதைப் 'பெறுகை' என்று நாள்தோறும் எழுதுகிறோம். ஸ்பானிய ஆவணத்தில் 'புரோக்குரார்' வந்தால் அங்கும் அதையே எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. 'பெறுகை' நல்ல சொல், தேசிய பெறுகை ஆணைக்குழுவின் பெயரிலேயே நிலைபெற்றுவிட்டது. ஆனால் கேள்விப்பத்திரம் கோரி, விலைகளை ஒப்பிட்டு, பொருளையும் சேவையையும் வாங்கும் அந்த அலுவலக நடைமுறையை ஸ்பானிய மொழி வேறு சொற்களால் சொல்கிறது. 'அத்கிசிசியோன்' என்பதும் 'கொன்த்ராதாசியோன்' என்பதும் ஆவணங்களில் உங்களுக்கு அகப்படும். 'புரோக்குரார்' வந்தால் அநேகமாக ஏதோ ஒன்றை உறுதிப்படுத்த முயலுமாறு சொல்லும் ஏற்பாடாக இருக்கும். ஒப்பந்தங்களில் அதற்கு 'ஷல் எண்டெவர் டு' என்று எழுதி, தமிழில் 'முயற்சி எடுத்தல் வேண்டும்' என்று கொள்ளுங்கள். 'ஷல் புரொக்கியூர் தட்' என்ற ஆங்கில ஒப்பந்த வாசகமும் இருக்கிறது; அது ஒன்றை நடக்கச் செய்தே தீர வேண்டிய கடப்பாடு என்பதால், முயற்சியைச் சொல்லும் ஸ்பானிய வினைக்கு அதைப் போட்டால் ஒரு தரப்பின் தலையில் பெரிய பாரம் ஏறிவிடும். ஆட்களைப் பற்றிப் பேசும் இடத்தில் 'புரொக்கியூர்' என்பதைத் தொடவே வேண்டாம். பெண்களைப் பாலியல் தொழிலுக்கு ஆள்பிடிக்கும் குற்றத்தை ஆங்கிலச் சட்டமொழி அச்சொல்லால் குறிக்கிறது, நமது தண்டனைச் சட்டக்கோவையிலும் அந்த வழக்கு உண்டு.

கேள்வி (மட்டக்களப்பு): எங்கள் அப்பப்பா வழக்கு என்றால் "பிரக்கிராசியிடம் போக வேண்டும்" என்பார். நீங்கள் சென்ற இதழில் குறிப்பிட்ட சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? என்னிடமுள்ள பழைய காகிதம் ஒன்றின் தலைப்பையும் இத்துடன் எழுதியனுப்புகிறேன், அதை எவ்வாறு மொழிபெயர்ப்பது?

பதில்: உண்டு. உங்கள் கேள்வியைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, ஏனெனில் இந்த வேர் நம் கோட்டை வாசலிலேயே கிடக்கிறது. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். கரையோரமெங்கும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள் அலமாரி, சாவி, மேசை என்று வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. நீதிமன்றத்துக்குப் போன சொற்களுள் ஒன்று பிரக்கிராசி. போர்த்துக்கேய மொழியில் இன்னொருவருக்காகக் காரியம் பார்ப்பவர் 'புரொகுரதோர்', அதற்கு அதிகாரமளிக்கும் பத்திரம் 'புரொகுரசாவ்'. சிங்களத்தில் 'பெரகதோருவா' என்று வழங்குவதும் இக்குடும்பமே. ஆங்கிலத்தில் 'ப்ரொக்டர்' என்பது 'புரொகியுரேட்டர்' குறுகியது, 'ப்ரொக்சி' என்பதும் அதன் உறவு.

அப்பப்பா காலத்தில் மன்றில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரருக்காகப் பத்திரங்களைத் தயாரித்து வழக்கைக் கொண்டுநடத்துபவர் பிரக்கிராசி. 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இரு பிரிவையும் ஒன்றாக்கி அனைவரையும் சட்டத்தரணிகள் ஆக்கியது. ஸ்பெயினிலோ 'அபொகாதோ' வாதாடுபவராகவும் 'புரோக்குராதோர்' கட்சிக்காரரின் பெயரால் மன்றில் தோன்றுபவராகவும் இன்னும் தனித்தனியே இருக்கிறார்கள். ஸ்பானிய நீதிமன்றப் பத்திரமொன்றில் அச்சொல்லைக் கண்டால், 'லோயர்' என்று பொதுவாக எழுதாமல் 'கோர்ட் ரெப்ரசென்டேட்டிவ்' என்று எழுதுவதை நான் விரும்புவேன். அப்பப்பாவுக்கு விளக்க வேண்டுமானால் பிரக்கிராசி என்றே சொல்லிவிடலாம், அவருக்கு உடனே புரியும்.

போர்த்துக்கேய மொழியோடு பழகியவர்கள் ஸ்பானிய மொழிக்கு வரும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். போர்த்துக்கேய மொழியில் 'புரொகுரார்' என்றால் இன்று முதன்மையாகத் தேடுதல், அதாவது தொலைந்த சாவியைத் தேடுவது. ஸ்பானிய மொழியில் அதற்கு 'புஸ்கார்' இருக்கிறது. ஆகவே வேலை தேடுகிறார் என்று எழுத நினைத்து ஸ்பானிய மொழியில் 'புரோக்குரார்' போட்டுவிட்டால் பொருள் பிசகிவிடும். ஆங்கிலத்தில் 'லுக்கிங் ஃபோர்' என்று வர வேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் 'ட்ரையிங்' என்றோ 'கெட்டிங்' என்றோ எழுத நேரும். இத்தாலியத்தில் அதே வினை பெறுதல் பக்கம் சாய்கிறது, பிரெஞ்சில் வழங்குதல் பக்கம்.

நீங்கள் கடித இறுதியில் குறிப்பிட்ட பழைய காகிதத்தின் தலைப்பில் உள்ளது, நீங்கள் எழுதியனுப்பிய எழுத்துகளின்படி, 'புரொகுரசாவ்' என்பதே. ஆங்கிலத்தில் 'பவர் ஒஃப் அட்டோர்னி' என்றும், நம் அலுவலகத் தமிழில் அற்றோணித் தத்துவம் என்றும் எழுதுங்கள். அதன் கீழ் இருக்கும் இரண்டு ஒப்பங்களில் எது கொடுத்தவருடையது, எது ஏற்றவருடையது என்று பார்த்துவிட்டுப் பெயர்களை நிரப்புங்கள்.